வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு சோலார் ரேடியோ பெட்டி செய்வது எப்படி

முதல் பெட்டியை நான் தனியாகத்தான் செய்தேன். மூன்று வார இறுதிகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர் (சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஆறு ஸ்விட்ச், இரண்டு மீட்டர் என்று எல்லாவற்றையும் ஒரு கருவிப்பெட்டிக்குள் அடைத்தேன். மூடியைத் திறந்தால் விமானி முன்னால் இருக்கிற பலகை மாதிரி இருக்கும். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் நான் வெளியூரில் இருந்த ஒரு மழை இரவில் கரண்ட் போனது. மனைவி போனில் கேட்டாள், "இதில் எதை அமுக்கினால் லைட் எரியும்?" நான் ஸ்விட்ச் வரிசையை விளக்க ஆரம்பித்து மூன்றாவது ஸ்விட்சுக்கு வருவதற்குள் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பெட்டி அலமாரிக்கு மேல் முழு சார்ஜோடு சும்மா கிடக்க, அவர்கள் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள்.

அதனால் இரண்டாவது பெட்டியை வீட்டோடு சேர்ந்து செய்தோம். மகளுக்கு அப்போது 12 வயது, மகனுக்கு 9, அப்பா எழுபதைத் தாண்டியவர், கண்பார்வை கொஞ்சம் மங்கல். வெயிலில் சார்ஜ் ஆகி, கரண்ட் போனால் விளக்கு, விசிறி, போன், ரேடியோ எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் அந்தப் பெட்டியைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு. வயரிங் என்பது இதில் பெரிய வித்தை இல்லை, நிதானமாகச் செய்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். நேரம் போவது இரண்டு இடத்தில்: வீட்டில் யார் எடுத்தாலும் இருட்டில் தடவியே இயக்குகிற மாதிரி அமைப்பதில் ஒன்று, மின்சாரம் தருகிற அதே பெட்டி ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொட்டாமல் பார்த்துக்கொள்வதில் இன்னொன்று.

முதலில் நோட்டும் பேனாவும்

எதையும் வாங்குவதற்கு முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை என்றால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் என்று யாராவது சொன்னால் சிரிக்காமல் எழுதிவைத்து, அது எத்தனை வாட் என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலிலிருந்து அவர்களே அதை அடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சிய பட்டியல் இது: 5 வாட் எல்இடி விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம், போன் மூன்று, ஒவ்வொன்றும் ஒருமுறை முழு சார்ஜ், 12 வாட் டிசி விசிறி ஆறு மணி நேரம், ரேடியோ ஆறு மணி நேரம்.

வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. விளக்குக்கு 50, விசிறிக்கு 72. ரேடியோ சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் 2 வாட்டுக்குள்தான் இழுக்கும், அதற்கு 12. போன் பேட்டரி ஒன்று சுமார் 15 வாட்-மணி, மூன்றுக்கு 45, மாற்றும்போது வீணாவதையும் சேர்த்து 60 என்று வைத்துக்கொண்டோம். கூட்டினால் 194. சரி, 200. இந்தப் பெருக்கல் எல்லாம் மகள் போட்டது. எனக்கு மகிழ்ச்சி என்னவென்றால், விசிறி மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிடுகிறது என்பதை அவளே கண்டுபிடித்து, "தாத்தாவுக்கு மட்டும் விசிறி" என்று சட்டம் போட்டதுதான். இந்தப் பட்டியலில் ரேடியோவின் பங்கு எவ்வளவு சின்னது என்பதையும் கவனியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் அதே பேட்டரியில் ரேடியோ நாள்கணக்கில் பாடும்.

வீட்டு மின்சாரம் மாதிரி 230 வோல்ட் தரும் இன்வெர்ட்டர் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வைக்காதீர்கள் என்பது என் கட்சி. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதை மறுபடி போன் சார்ஜரில் 5 ஆக இறக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை, இரண்டு இடத்திலும் வீணாகும். ரேடியோவுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் ஓடினால் இரைச்சல் வேறு. எல்லாவற்றையும் விட, 12 வோல்ட் மட்டுமே உள்ள பெட்டியில் 9 வயதுப் பையன் கையை விடலாம். 230 வோல்ட் வந்துவிட்டால் முடியாது.

பேட்டரி, பேனல், கன்ட்ரோலர்

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்குங்கள். லித்தியம் என்று பொதுவாகச் சொல்லும் போன், லேப்டாப் பேட்டரியிலிருந்து இது வேறு வேதியியல், சூட்டை நன்றாகவே தாங்கும். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. 20 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 256 வாட்-மணி, எங்கள் 200-க்குப் போதும். எடை 3 கிலோவுக்குள். ஈய-அமில பேட்டரி கைவசம் இருந்தால் அதிலும் செய்யலாம், ஆனால் அதில் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும், ஆகவே இதே வேலைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும், எடை 12 கிலோவைத் தொடும். பிள்ளைகள் தூக்க முடியாத பெட்டியைக் கையடக்கம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஈய-அமிலம் என்றால் பெட்டியில் காற்றுத் துளைகளும் கட்டாயம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.

வாங்கும் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புப் பலகை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிகமாக சார்ஜ் ஆனாலும், அடியோடு தீர்ந்தாலும், ஷார்ட் ஆனாலும் துண்டித்துவிடும். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும், உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே, இந்த வகை பேட்டரியை சார்ஜ் செய்யக்கூடாது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் பெட்டியை வீட்டுக்குள் வைத்து, பேனலை மட்டும் வெளியே வைக்க வேண்டும்.

பேனல் கணக்கு இப்படி. நாள் முழுக்க வெயில் அடித்தாலும் உச்சி வெயிலுக்குச் சமமாகக் கணக்கிட்டால் பல இடங்களில் நான்கைந்து மணி நேரம்தான் வரும். பேனலில் எழுதியிருக்கும் வாட் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது, வெயிலில் செல் 60 டிகிரி வரை போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். தூசு, வயர், கன்ட்ரோலர் எல்லாம் அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளும். எழுதியிருப்பதில் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். 50 வாட் பேனல் நான்கு மணிக்கு 140 வாட்-மணிதான் தரும், நமக்குப் போதாது. 100 வாட் என்றால் 280. நல்ல வெயில் நாளில் தேவையைக் கொடுத்து, நேற்றைய கடனையும் கொஞ்சம் அடைக்கும். அதனால் 100 வாட், 36 செல் உள்ள 12 வோல்ட் வகை. கண்ணாடி பேனல் கனமாக இருக்கும், ஆனால் உழைக்கும். மடக்கும் பேனல் லேசு. அடிக்கடி வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு மடக்குவது, மொட்டைமாடியிலேயே வைப்பவர்களுக்குக் கண்ணாடி.

மகன் இந்த இடத்தில், வெயிலில் ரேடியோ ஓடும் என்பதை நம்பவே மாட்டேன் என்று நின்றான். சிலிக்கான் சோலார் செல்லை முதன்முதலில் உலகத்துக்குக் காட்டிய அன்று, 1954 ஏப்ரல் 25, பெல் ஆய்வகத்தார் அதை வைத்து இயக்கியது ஒரு பொம்மை ராட்டினமும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரும்தான் என்று சொன்னேன். அவனுக்கு ராட்டினம் பிடித்துப்போனது. இன்றுவரை பெட்டியில் ராட்டினம் எப்போது வைப்போம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை, பிடபிள்யூஎம், எம்பிபிடி. எம்பிபிடி பேனலிலிருந்து அதிகம் கறக்கும், அது உண்மை. ஆனால் அது ஓடும் நேரம் முழுக்க உள்ளே வேகமாக ஸ்விட்ச் செய்துகொண்டே இருக்கும், மலிவான எம்பிபிடி பல ரேடியோவில் அப்படியே கேட்கும். பிடபிள்யூஎம் அப்படியில்லை. பேட்டரி காலியாக இருக்கும்போது பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பேட்டரி நிரம்பும் கட்டத்தில்தான் வெட்டி வெட்டி விட ஆரம்பிக்கும், அப்போதுதான் இரைச்சல். பேனல் சூடாகும்போது அதன் வோல்டேஜ் இறங்கிவிடுவதால், வெப்பமான இடங்களில் எம்பிபிடியின் லாபமும் சுருங்கிவிடுகிறது. ஒற்றை 100 வாட் பேனல், கூடவே ரேடியோ என்றால் என் ஓட்டு 10 ஆம்பியர் பிடபிள்யூஎம்முக்கு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கென்று தனி அமைப்பு அதில் இருக்க வேண்டும், 14.2-இலிருந்து 14.4 வோல்ட்டில் நிறுத்துகிற மாதிரி. ஈய-அமிலத்துக்கான அமைப்பில் விட்டால் சில கன்ட்ரோலர்கள் அவ்வப்போது 15 வோல்ட் பக்கம் ஏற்றும், பிஎம்எஸ் துண்டித்துவிடும், நீங்கள் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து வருத்தப்படுவீர்கள்.

ஒன்றோடு ஒன்று இணைப்பது

பெட்டியாக ரப்பர் ஓரம் உள்ள பிளாஸ்டிக் கருவிப்பெட்டி போதும். இரும்புப் பெட்டி வேண்டாம், மீடியம் வேவ் ரேடியோவின் ஆன்டெனா ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன தண்டுதான், அதை இரும்புக்குள் வைத்தால் காதில் பஞ்சை அடைத்த மாதிரி. எப்படியிருந்தாலும் ரேடியோவைத் தனியாக வெளியே எடுக்கிற மாதிரி வையுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

எல்லாப் பொருளையும் முதலில் ஒரு அட்டைமேல் பரப்பி, எது எங்கே என்று வீட்டார் கையில் விடுங்கள். நான் பேட்டரியை ஓரத்தில் வைத்தேன். மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று நடுவில் மாற்றினாள். கைப்பிடிக்கு நேர் கீழே கனம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பேட்டரியைப் பட்டை போட்டு இறுக்குங்கள், பெட்டியைக் கவிழ்த்தாலும் அசையக்கூடாது.

துளையெல்லாம் போட்டு, தூளெல்லாம் தட்டி எடுத்தபிறகுதான் பேட்டரி உள்ளே வர வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வந்துவிடும். ஆனால் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு ஸ்பேனர் பட்டுவிட்டால் அந்த ஸ்பேனர் கையைச் சுடும் அளவுக்கு மின்சாரம் பாயும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

மின்சாரம் போகும் பாதையைச் சொல்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், காரில் வரும் தட்டை வகை. இதுதான் பெட்டியிலேயே முக்கியமான பொருள், இது இல்லாமல் ஒரு வயரையும் பேட்டரியில் மாட்டாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, வயர் வழியாக உங்கள் வீட்டை. அதிலிருந்து இரண்டு கிளை. ஒன்று கன்ட்ரோலருக்கு. இன்னொன்று ஒரு முதன்மை ஸ்விட்ச் வழியாகச் சின்ன ஃபியூஸ் பெட்டிக்கு, அதிலிருந்து விளக்குக்கு 3 ஆம்பியர், ரேடியோவுக்கு 3 ஆம்பியர் (நான் 1 ஆம்பியர் போட்டிருக்கிறேன், தாராளமாகப் போதும்), யூஎஸ்பிக்கும் விசிறிக்கும் ஆளுக்கு 5. நெகட்டிவ் எல்லாம் ஒரு பொதுப் பட்டையில் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், கிளைகளுக்கு 1 போதும்.

மலிவு கன்ட்ரோலரில் ஒரு சூட்சுமம் உண்டு. பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், நெகட்டிவ் பக்கத்தில் வெட்டிவிடுவார்கள். அதனால் பேனலின் நெகட்டிவையும் பேட்டரியின் நெகட்டிவையும் பொதுப் பட்டையில் சேர்த்துவிட்டால் கன்ட்ரோலரால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. பேனலின் இரண்டு வயரும் நேராகக் கன்ட்ரோலருக்கு மட்டும் போகட்டும், வேறு எதையும் தொட வேண்டாம்.

வயர் நுனியில் லக் என்ற உலோக முனையை நசுக்கிப் பொருத்த நல்ல கிரிம்பிங் கருவி வேண்டும், பிளையரால் நசுக்கினால் இன்றைக்குப் பிடிக்கும், ஆறு மாதத்தில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். மகனும் நானும் கிரிம்ப் செய்தோம், மகள் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்தாள். அவள் இழுத்ததில் கழன்று வந்தது மூன்று. அவற்றில் இரண்டு நான் செய்தவை. சால்டரிங் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு.

பேனல் நுழையும் கனெக்டரும் வெளியே மின்சாரம் போகும் கனெக்டரும் வேறு வேறு வகையாக இருக்கட்டும். 12 வோல்ட் பேனல் என்று பெயரே தவிர, வெயிலில் எதுவும் இணைக்காமல் அளந்தால் 22 வோல்ட் காட்டும். யாராவது தெரியாமல் அதை நேராக ரேடியோ வயரில் செருகிவிட்டால் ரேடியோ போய்விடும். நாங்கள் பேனலுக்கு எக்ஸ்டி60 வகை, மற்றதற்கு ஆண்டர்சன் பவர்போல் வகை வைத்தோம், மாற்றிச் செருக வழியே இல்லை.

கடைசியாக மல்டிமீட்டர். ஒவ்வொரு கனெக்டரிலும் எதையும் செருகுவதற்கு முன்னால் வோல்டேஜ் பாருங்கள், சிவப்பு முனை பாசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில். இந்த வேலையை மகளிடம் கொடுத்திருந்தேன். நான்காவது கனெக்டரில் "அப்பா, முன்னாடி ஒரு கோடு வருது" என்றாள். மைனஸ். நான் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். அது ரேடியோவுக்குப் போகும் கனெக்டர்.

எல்லாம் சரியென்றால் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், அதன்பிறகு பேனல். கழற்றும்போது தலைகீழ், பேனல் முதலில், பேட்டரி கடைசியில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் வந்தால் சில கன்ட்ரோலர்கள் 12-ஆ 24-ஆ என்று குழம்பும், சில கெட்டே போகும். மூடியின் உள்பக்கத்தில் இந்த வரிசையை எழுதி ஒட்டியாயிற்று, மகள் கையெழுத்தில்.

இரைச்சலைத் தேடிப் பிடிப்பது

பெட்டி வேலை செய்ய ஆரம்பித்த அன்று மாலை அப்பா ரேடியோவை மீடியம் வேவில் திருப்பினார், ஸ்டேஷனுக்குப் பதில் தேனீக்கூட்டில் கல்லெறிந்த சத்தம். "உன் பெட்டியைவிட இருட்டே தேவலை" என்றார்.

அதன் காரணம் இது. ஒரு வோல்டேஜை இன்னொரு வோல்டேஜாக மாற்றும் சின்னப் பலகைகள் எல்லாம் நொடிக்குப் பல்லாயிரம் முறை, சில லட்சம் முறைகூட, மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் மாற்றுகின்றன. அப்படி வெட்டும்போது அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் வயர் வழியாகக் கசியும், வயரே ஆன்டெனாவாகிவிடும். மீடியம் வேவ் இருப்பது சுமார் 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை, சரியாக இந்தக் குப்பை விழும் இடத்தில். எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதாலும் அது அலையின் உயரத்தைக் கவனிக்காமல் அதிர்வெண் மாற்றத்தை மட்டும் படிப்பதாலும் இரைச்சல் அங்கே அவ்வளவாகத் தெரியாது. அதனால் எஃப்எம்மில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டி சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள்.

தேடும் முறை எளிது, பிள்ளைகளுக்கு இதுதான் திருவிழா. பேட்டரியில் ஓடும் கைரேடியோவை மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத வெற்று இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, பெட்டியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே சீறல் அதிகமோ அங்கே திருடன். அப்புறம் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பாருங்கள். எங்கள் பெட்டியில் முதல் திருடன் யூஎஸ்பி சார்ஜர், இரண்டாவது ஒரு எல்இடி விளக்கு. இன்னொரு எல்இடி, அதே வாட், சத்தமே இல்லை. உள்ளே வெறும் ரெசிஸ்டர் மட்டும் வைத்துச் செய்தது. சீறிய விளக்கை மாற்றிவிட்டோம், அதைவிடச் சுலபமான வைத்தியம் கிடையாது.

யூஎஸ்பியை மாற்ற முடியாது, 12-ஐ 5 ஆக்க வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு ஃபெரைட் வளையம். யூஎஸ்பி பலகைக்கு வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்து, பலகைக்கு மிக அருகில், வளையத்துக்குள் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். ஒரு வயரை மட்டும் சுற்றினால் பலன் குறைவு. வளையத்தின் தடை சுற்றின் இருமடிக்கு ஏறும், அதாவது இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றினால் நான்கு மடங்கு. வயர்மேல் ஒருமுறை கிளிப் மாதிரி மாட்டிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீடியம் வேவுக்கும் ஷார்ட்வேவுக்கும் 31 என்ற எண்ணுள்ள ஃபெரைட் கலவை நன்றாக வேலை செய்கிறது.

ஃபெரைட் போட்டபிறகு சீறல் பாதிக்கு மேல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மிச்சத்தை ஸ்விட்சால் தீர்த்தோம். யூஎஸ்பிக்குத் தனி ஸ்விட்ச், ரேடியோ கேட்கும்போது அதை அணைத்துவிடலாம், போன் சார்ஜ் காத்திருக்கும். பேனல் வயரிலும் டிசிக்கு ஏற்ற ஒரு ஸ்விட்ச், பகலில் பேட்டரி நிரம்பும் நேரத்தில் செய்தி கேட்க வேண்டுமென்றால் பத்து நிமிடம் பேனலைத் துண்டித்துவிட்டால் ஆச்சு. எவ்வளவோ ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஒரு ஸ்விட்சில் வந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு தூரமும் ஒரு மருந்து. இப்படிக் கசியும் இரைச்சல் பெட்டியை விட்டு விலக விலக வேகமாகத் தேயும். ரேடியோவை இரண்டு மூன்று மீட்டர் வயரில் வெளியே எடுத்து வைக்கிற மாதிரி செய்யச் சொன்னது இதற்குத்தான்.

ரேடியோவுக்கு மின்சாரம், ஆன்டெனா, விளையாட்டு

ஏஎம் (அதாவது மீடியம் வேவ்), எஃப்எம், ஷார்ட்வேவ் மூன்றும் உள்ள ரேடியோவாகப் பாருங்கள். பல ரேடியோக்கள் 6 வோல்ட் கேட்கும். 12-ஐ 6 ஆக இறக்க, வெட்டும் பலகையை வாங்காதீர்கள். 7806 என்ற பழைய மூன்று கால் ரெகுலேட்டரை வாங்குங்கள். அது மிச்ச வோல்டேஜைச் சூடாக்கிக் கரைத்துவிடும், வீண்தான், ஆனால் துளி சத்தம் கிடையாது. ரேடியோ 0.2 ஆம்பியர் இழுத்தால் வீணாவது ஒன்றரை வாட், ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் இறுக்கிவிட்டால் தாங்கும். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக உள்ளே வருவது, நெகட்டிவ், வெளியே போவது. இரண்டு பக்கமும் நெகட்டிவுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட். ரேடியோவின் பவர் துளைக்குப் பக்கத்தில் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று சின்னப் படம் போட்டிருக்கும், நடுமுனை நெகட்டிவாக வரும் ரேடியோக்களும் உண்டு. அதைப் பார்க்காமல் செருகவே கூடாது.

ஷார்ட்வேவுக்கு ஏழெட்டு மீட்டர் சாதாரண வயரை உயரமாக இழுத்துக் கட்டி, மறுமுனையை ரேடியோவின் நீட்டுக் கம்பியில் கிளிப் போட்டால் போதும். கரண்ட் கம்பி போகும் பக்கமே போகாதீர்கள், இடி மின்னல் வரும்போது கழற்றி உள்ளே எடுத்துவிடுங்கள்.

முதல் இரவு எல்லாரும் மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். பகலில் இரண்டு மூன்று ஸ்டேஷன் மட்டும் வந்த மீடியம் வேவ் இருட்டியபிறகு நெரிசல் ஆகிவிட்டது. வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் உண்டாக்கும் ஒரு மின்னூட்ட அடுக்கு பகலெல்லாம் இந்த அலையை விழுங்கும், சூரியன் போனதும் அது கலைந்துவிடும், அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். மகன் புரியாத மொழி ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டான்.

இன்னொரு விளையாட்டு. ஒரு ஸ்டேஷனைப் பிடித்துவிட்டு ரேடியோவை மெதுவாகச் சுழற்றுங்கள், ஒரு திசையில் சத்தம் சட்டென்று செத்துவிடும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை அப்போது ஸ்டேஷனை நோக்கி இருக்கிறது (அல்லது நேர் எதிர்ப்பக்கம்). வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டு ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். இதே வித்தை இரைச்சலுக்கும் பயன்படும்: தண்டின் முனையை இரைச்சல் வரும் பக்கம் காட்டினால் இரைச்சல் அடங்கும்.

கேட்பது இப்படி. ஒலிபரப்புவது வேறு கதை, அமெச்சூர் ரேடியோவில் பேச வேண்டுமென்றால் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும்.

பேனலை வெளியே வைப்பது

பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் பேனலைத் தெற்கு பார்த்து, தெற்கே இருப்பவர்கள் வடக்கு பார்த்து, உங்கள் இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அவ்வளவு சாய்த்து வையுங்கள். நிழல்தான் எமன். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருப்பதால், ஒரு மூலையில் துணிக்கொடியின் நிழல் விழுந்தாலும் மொத்த மின்சாரமும் நன்றாகக் குறைந்துவிடும். பேனலை வெயிலில் வைத்துப் பெட்டியை நிழலில் வையுங்கள், இடையே ஐந்து மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பது சுமார் 0.4 வோல்ட், பரவாயில்லை. இதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு வோல்ட் போய்விடும்.

பேனலுக்கு அணைக்கும் பொத்தான் இல்லை, வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும். கனெக்டரைக் கழற்றுவதற்கு முன்னால் குப்புறக் கவிழ்த்துவிடுங்கள்.

ஒத்திகை

எல்லாம் முடிந்தபிறகு ஒரு மாலை சொல்லாமல் மெயினை அணைத்தேன். நான் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. மனைவி பெட்டியைக் கண்டுபிடித்துத் திறந்தாள். ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் அழகாக எழுதி ஒட்டியிருந்த பெயர்கள் இருட்டில் யாருக்கும் தெரியவில்லை! போன் வெளிச்சத்தில்தான் படித்தார்கள், போனில் சார்ஜ் இல்லாத நாளுக்காகச் செய்த பெட்டி அது. அப்பா மறுநாள் க்ளூ கன்னை எடுத்து ஸ்விட்சுகளுக்கு மேல் சொட்டுப் பொட்டு வைத்தார், விளக்குக்கு ஒன்று, ரேடியோவுக்கு இரண்டு, விசிறிக்கு மூன்று, யூஎஸ்பிக்கு நான்கு. இப்போது விரலால் தடவினால் போதும்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதிலும் அன்றைக்கே ஒரு பாடம். ஈய-அமில பேட்டரி போல இதில் வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. 13.3-இலிருந்து 13.0-க்கு இறங்குவதற்குள் பாதி தீர்ந்திருக்கும், அதன்பிறகு திடீரென்று சரியும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர் வைக்கலாம், அல்லது எங்கள் மாதிரி "12.9 வந்தால் ரேடியோ தவிர எல்லாம் அணை" என்று மூடியில் எழுதிவிடலாம்.

சும்மா வைக்கும்போது பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கட்டும். வோல்ட்மீட்டர், யூஎஸ்பி பலகை மாதிரி சின்னச் சின்னப் பொருள்கள் சேர்ந்து 20 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட மாதத்தில் 14 ஆம்பியர்-மணி போய்விடும், நம் பேட்டரியே 20தான். முதன்மை ஸ்விட்ச் வைத்தது அதற்காக. கன்ட்ரோலரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கும் என்பதால், நீண்ட நாள் தொடமாட்டோம் என்றால் பேனலைக் கழற்றிவிட்டு 15 ஆம்பியர் ஃபியூசையும் உருவி மூடியில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட நினைவூட்டல் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த நினைவூட்டல் தேவைப்படவில்லை. அப்பா தினமும் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார், வோல்டேஜை நோட்டில் எழுதுகிறார், யூஎஸ்பியை அணைத்துவிட்டுச் செய்தி கேட்கிறார். அந்த நேரத்தில் யாராவது போனைக் கொண்டுபோய்ச் செருகினால் திட்டு நிச்சயம்.